மதினி தவறவிட்ட எலுமிச்சம்பழம்

மதினி,

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து எலுமிச்சை வாசம் போகவில்லை. நேற்றைய போட்டியில் பெண்கள் கரண்டியில் ஏந்தி ஓடிய பழங்களை நறுக்கி, மேளக்காரர்களுக்கு ஜூஸ் பிழிந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மைதானத்தில் மேளக் கச்சேரிக்கு மைக் கட்டுகிறார்கள். இடுப்பு விட்டுப்போச்சு மதினி. நீங்கள் போனபிறகு இந்த இரண்டு நாள் விளையாட்டு விழா எனக்கு இருபது நாள் போல் இருக்கிறது.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும்போது ஊரே காலை நீட்டிப் படுத்திருக்கும். நாம் இரண்டு பேர் மட்டும் சுண்ணாம்புப் பொடி வாளியோடு ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்போம். சேர் இறக்குவது, டிரம்மில் தண்ணீர் நிரப்புவது, கபடிச் சண்டையை விலக்குவது எல்லாம் நம் தலையில்தான். நோட்டீஸில் விழாக் கமிட்டி என்று வரிசையாய் ஆம்பளைப் பெயர்களாக இருக்கும். “பேரு அவுகளுக்கு, இடுப்புவலி நமக்கு” என்பீர்கள். ஒரு வருஷமாவது மேளத்தை உட்கார்ந்து கேட்டிருப்போமா?

மற்ற ஊர்களில் எலுமிச்சை ஓட்டம் என்றால் பழம் உருளும், ஜனம் சிரிக்கும். வாயில் கரண்டி கவ்வ நம் ஊர்ப் பெண்கள் கூச்சப்பட்டதால், கையை நீட்டிப் பிடித்து ஓடலாம் என்று நீங்கள்தான் மாற்றினீர்கள். மாற்றியதும் ஒரு பழம்கூட விழவில்லை. வெடிமருந்துத் தட்டு தூக்கிப் பழகிய கைகள் அல்லவா! அச்சகத்தில் லேபிளுக்குப் பிழை பார்க்கும் நான் மட்டும் இரண்டாம் எட்டிலேயே தவறவிடுவேன். “ஒன்னயெல்லாம் எங்க மருந்து ரூமுக்குள்ள விட்டா ஊரு தாங்காது புள்ள” என்று சிரித்துக்கொண்டே விசில் ஊதுவீர்கள்.

நீங்கள் மட்டும் ஓடியதே இல்லை. உங்களை ஓடவைத்த அந்த வருஷம் நான் சும்மா இருந்திருக்கலாம். “ஒரு தடவையாச்சும் ஓடுங்க மதினி” என்றேன். “வேணாம் புள்ள, வெயிலு” என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டீர்கள். கொஞ்ச நாளாகவே டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பீர்கள். அதையும் பார்த்தேன், பார்த்தும் புத்தியில் ஏறவில்லை. மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். கூட்டம் கைதட்டியது. உங்களால் மறுக்க முடியவில்லை.

நாலாவது எட்டில் பழம் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முன்வரிசையில் இருந்த உங்கள் போர்மேன் சிரிக்கவில்லை. அவர் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி திறந்த அன்றைக்கே மருந்து அடைக்கும் ரூமிலிருந்து உங்களை லேபிள் ஒட்ட மாற்றிவிட்டார்கள். சம்பளம் பாதியானது. மகளைக் கல்லூரியில் சேர்த்த வருஷம் அது. என்னோடு நீங்கள் நாற்பது நாள் பேசவில்லை. கம்பெனி வேனில் ஏறும்போது என் பக்கம் திரும்பக்கூட மாட்டீர்கள். உங்கள் வாசல் வரை வந்துவிட்டு எத்தனை நாள் திரும்பிப் போயிருக்கிறேன் தெரியுமா? பாவி நான்தானே உங்களைக் கூட்டத்தில் நிறுத்தினேன்.

நாற்பதாம் நாள் நீங்களாக வந்தீர்கள். “எந்தங்கச்சியும் அதே ரூமுலதான் இருக்கா. அங்கன வச்சு கை தவறியிருந்தா நான் ஒருத்தி மட்டுமா போயிருப்பேன்? எலுமிச்சம்பழந்தான விழுந்துச்சு. விடு புள்ள” என்றீர்கள். எனக்குத்தான் விட முடியவில்லை. மறுவருஷமே அந்தப் போட்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பிறகு காமாலை வந்து நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இந்த வருஷம் பெண்கள் விடவில்லை. “லெமன் ஸ்பூன் வைக்கலன்னா நாங்க வரமாட்டோம்க்கா” என்று அவர்களே ஒரு பை பழம் வாங்கி வந்துவிட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லாமல் சரி என்றேன். விசில் ஊதியது நான்தான்.

நம் தெருச் செல்வி ஜெயித்தாள். அவள் பெருவிரல் பழத்தின்மேல் அழுந்தியிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். கள்ள ஆட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. பரிசுக் கிண்ணத்தைக் கொடுக்கும் சாக்கில் அவள் கையைப் பிடித்தேன். நடுங்கியது. “ஓடுன களைப்புக்கா” என்றாள். நீங்கள் வெயில் என்று சொன்ன அதே குரல், மதினி. சட்டென்று கையை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாளைக்குக் கம்பெனி திறக்கிறது. செல்வி மருந்து அடைக்கிறவள். அவளோடு அந்த ரூமில் இன்னும் மூன்று பேர். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை கிடையாது. இதையெல்லாம் நினைத்தால் எழுந்திருக்கவே மனசு வரவில்லை. அலுப்பாக இருக்கிறது. எனக்கு ஏன் இந்தப் பொல்லாப்பு என்று இருக்கிறது.

மேளம் தொடங்கப் போகிறது. இந்த வருஷமும் கேட்க முடியாது. செல்வி வீட்டுக்குப் போகிறேன். போர்மேன் கண்ணில் படுவதற்கு முன்னால் அவளே ரூம் மாற்றிக் கேட்கட்டும். கை தவறினால் போவது ஒருத்தி மட்டுமா என்று நீங்கள் என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் அவள் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி.