மீன் வாங்கும் கூடை

புனே, 2 ஜூலை 2021

அம்மாவுக்கு, கார்குழலி எழுதுவது. வீசிங் குறைந்திருக்கிறதா?

போன மாதம் டிக்கெட்டை ரத்து செய்ததற்குக் கோபப்படாதே. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொரோனா. என்னையும் சோதித்தார்கள், மூக்கில் குச்சி விட்டதும் நான் போட்ட தும்மலில் நர்ஸ் ஓடியே போனாள். எனக்கு ஒன்றுமில்லை.

நேற்று போனில், "தூரமா நின்னாவது மூஞ்சியக் காட்டிட்டுப் போடி" என்றாய். அதையே நினைத்திருந்து முடிவெடுத்துவிட்டேன். பத்தாம் தேதி நெல்லித்தோப்புக்கு வருகிறேன்.

ஆனால் ஏழு நாள் மாடி அறையில்தான் இருப்பேன். மேலேயிருந்து மீன்காரிக்கு இறக்குவாயே, அந்தக் கயிற்றுக் கூடையைத் தேடி வை. சாப்பாட்டை அதில் வைத்துக் குரல் கொடு, இழுத்துக்கொள்கிறேன். சங்கரா மீன் குழம்பு வை. இங்கே எனக்கு மட்டும் குழம்பு வைக்க மனம் வருவதில்லை.

கூடையை இழுக்கும்போது முகக்கவசமில்லாமல் எட்டிப் பார்ப்பேன். நரை கூடியிருக்கிறது, திட்டாதே.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உன் குழலி