பின் வாசலில் நிறுத்திய வண்டி

ஞாயிறு, இரவு.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, வண்டியைப் பூங்காவின் பின் வாசலில் நிறுத்துவது என்று இன்று குடும்பம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அங்கே மரநிழல் உண்டு. சீட்டில் அனல்மின் நிலையச் சாம்பலும் குறைவாகப் படியும்.

மகள் கயலைக் குட்டி ரயிலில் ஏற்றிவிட்டோம். ரயில் குகைக்குள் போய் வெளியே வந்தது. இறங்கியவள் ஐஸ் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கி சொன்னது: "கயல்விழின்னு ஒரு பொண்ணு முன் கேட்டுல இருக்குதுங்க. மஞ்ச கவுனு. இடது கையால பிஸ்கட் தின்னுக்கினு இருக்குது. அப்பா அம்மா வந்து கூட்டிக்கினு போங்க."

கயல் என் விரலைப் பிடித்தபடி நின்றாள். மஞ்சள் கவுன்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

"வடலூர்ல தள்ளுபடி போட்டப்ப டவுன்ஷிப்பே இந்தக் கவுனைத்தான் வாங்குச்சு" என்றாள் என் மனைவி ரேவதி. "நம்ம புள்ள கையில இருக்கறப்ப யாரு புள்ளையப் பாக்கப் போறீங்க? வண்டி பின்னாடி நிக்குது, வாங்க."

வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. கிளம்பினோம். ஒலிபெருக்கி அழைத்துக்கொண்டே இருந்தது. கடைசி முறை என் பெயரையும் சொன்னது.

"சீக்கிரம் போலாம்ப்பா" என்றாள் கயல்.

வலது கையால் சாப்பிடு என்று ரேவதி இரண்டு வருடமாகக் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்துவிட்டாள். கயல் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று இரவு, யாரும் சொல்லாமலே, தோசையை வலது கையால் பிட்டுச் சாப்பிட்டாள்.