உலகமுடிவில் பயந்தது யார்

அன்புள்ள பரிமளம் மச்சாளுக்கு,

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. வட்டக்கச்சி வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். உங்கள் பசு நேற்றுக் கன்று போட்டது. இதையெல்லாம் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

ஹோட்டன் சமவெளிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? சூடடித்து நெல் வீட்டுக்கு வந்த கையோடு நீங்கள்தான் கேட்டீர்கள். பிறந்ததிலிருந்து தட்டை நிலத்தையே பார்க்கிறோம், ஒருமுறை மலை பார்க்கவேண்டும் என்று. உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், முதலில் சிரித்தார். பிறகு மூவருமாக ரயிலேறினோம்.

ஒகியா ஸ்டேஷனில் இறங்கி ஏழு கட்டைத் தூரம் ஏற்றம். எனக்கு மூச்சு வாங்கியது. நீங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தீர்கள். மலைக்கு மேலே இவ்வளவு பெரிய புல்வெளியா? வெள்ளைக்காரர் மரை மான் வேட்டைக்கு வந்து தங்கிய பங்களாவில் காவல்காரர் பழைய கொம்புகளைக் காட்டினார். ஓடையில் கால் நனைத்ததும் குளிரில் நீங்கள் துள்ளியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மறுநாள் காலை உலகமுடிவு என்கிற மலைவிளிம்புக்கு நடந்தோம். ஒரே மூடுபனி. இவர் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு விளிம்புவரை போனார். திடீரென்று பனி விலகியது. அவர் காலடியில் மலை அறுந்து, எங்கேயோ கீழே தேயிலைத் தோட்டத்து வீடுகள் நெருப்புப்பெட்டி அளவில் தெரிந்தன. அப்படியே குந்திவிட்டார். கூப்பிட்டும் அசையவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நீங்கள் போனீர்கள். பக்கத்தில் குந்தி அவர் தோளைப் பிடித்தீர்கள்.

“தம்பி, கீழை பாக்காதை. என்ரை முகத்தைப் பார். மெல்ல மெல்லப் பின்னாலை வா.”

திரும்பும் வழியில் எனக்கு மட்டும் சொன்னீர்கள்: “இதை ஒருத்தரிட்டையும் கதைக்காதை பிள்ளை. அவன்ரை மனம் நோகும்.”

ஊருக்கு வந்ததும் அவர் கதையையே மாற்றிவிட்டார். பயந்தது அக்காவாம், பிடித்துக் கூட்டிவந்தது தானாம். வருகிறவர் போகிறவரெல்லாம் உங்களைப் பகிடி பண்ணினார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அத்தனை வருடம் எப்படிப் பொறுத்தீர்கள், மச்சாள்? நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்.

முப்பத்தொன்றன்று பந்தியில் யாரோ அந்தப் பகிடியை மறுபடி எடுத்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த இவர் வாளியைக் கீழே வைத்தார்.

“பயந்தது நான்தான். அக்கா இல்லையெண்டால் அண்டைக்கு நான் திரும்பி வந்திருக்கமாட்டன்.”

அவர் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டு நின்றார். உங்களுக்கு இது கேட்டிருக்குமா?

வருகிற பள்ளிக்கூட லீவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறோம். அவரும் வருகிறார். அந்த விளிம்புக்குச் சற்றுத் தள்ளி அவளை இருத்தி, நடந்ததை நடந்தபடியே சொல்வேன். இனி நான் எதையும் மறைக்கமாட்டேன்.

உங்கள் தம்பி பெண்சாதி,
மகேஸ்