ட்ரியரில் நீங்கள் கேட்ட கடிதம்

அண்ணை,

உங்கள் பிளாஸ்க் இப்போது என் சமையலறை மேசையில் இருக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் மூடியில் மல்லியும் இஞ்சியும் மணக்கின்றன. இன்று காலை அதைத் திறந்தேன். பிறகு மூட மனம் வராமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒழுங்கில்லாமல் தொடங்கினால் பாதியில் குழம்பிவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. நாம் ட்ரியருக்குப் போன காரணம்.
2. அந்தக் காரணம் உங்களுக்குத் தெரியாது என்பது.
3. ரோமர் குளியலகத்தின் நிலத்தடியில் நடந்தது.
4. உங்கள் மகளுக்கு நான் சொன்னது.

உங்கள் மனைவி காலமான பிறகு ஹம் நகரில் அந்த வீட்டில் தனியே இருந்தீர்கள். அடுப்பில் வைத்த சட்டி கருகியது. சில வாரங்களில் இன்னொன்றும் கருகியது. கீழ்வீட்டு ஜெர்மன் மூதாட்டி, தூரத்தில் எர்லாங்கனில் இருக்கும் உங்கள் மகளுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மகள் என்னை அழைத்தாள்.

"மாமா, போனில அப்பா நல்லாத்தான் கதைக்கிறார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒரு நாள் முழுக்க அவரோட எங்கயாவது போய்வாங்கோ. அவர் தனிய இருக்கேலுமோ, ஏலாதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. ஏலாதெண்டால் நான் இங்க கூட்டிக்கொண்டு வாறன்."

ஏன் நான் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. உங்களுக்கு ஹம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவியின் கல்லறைக்கு நடந்துபோய்ப் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றுவீர்கள். மழை பெய்தாலும் ஊற்றுவீர்கள். நான் சொல்லப்போகும் ஒரு சொல்லில் அது நின்றுபோகலாம். அப்படியிருந்தும் ஓம் என்றேன். மறுக்கத் துணிவில்லாமல் ஓம் என்றேனா, உங்கள்மேல் இருந்த அக்கறையால் என்றேனா என்பது இன்றுவரை தெளிவில்லை.

எங்கே போவது என்று கேட்டதற்கு நீங்கள்தான், ரோமர் கட்டிய பழைய நகரம், ட்ரியர் என்றீர்கள். நாடு முழுக்க ரயிலில் போகக்கூடிய மாதச் சீட்டு இருவரிடமும் இருந்தது. விடியுமுன் புறப்பட்டோம். கேல்னில் ஒருமுறை, கோப்ளென்சில் ஒருமுறை ரயில் மாறினோம். அறிவிப்பு வருமுன்பே நீங்கள் எழுந்து கதவருகே நின்றீர்கள். நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"என்ன ஐசே, என்ர முகத்தையே பாக்கிறீர்? ரோமரை அங்க போய்ப் பாக்கலாம்," என்றீர்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மோசல் ஆறு ஓடியது. ஆனால் கண்ணாடியில் தெரிந்த உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்பு வாசல் என்கிற ரோமர் கோட்டை வாயிலின் மேல்மாடி வரை கைப்பிடியைத் தொடாமல் ஏறினீர்கள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். மதியம் குளியலகத்தின் புல்வெளியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து மல்லித்தண்ணி ஊற்றித் தந்தீர்கள். நான் கையேட்டைப் படித்து, இவ்வளவு பெரிதாகத் தொடங்கிய குளியலகம் கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லையாம், ஒருவரும் ஒருநாளும் இதில் குளிக்கவில்லையாம் என்றேன்.

"அப்ப எங்கட தமிழ்ச் சங்கத்துக் கட்டிடம் மாதிரி எண்டு சொல்லும்," என்றீர்கள்.

சிரித்தேன். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று மகளிடம் சொல்லிவிடலாம் என்ற நிம்மதியில் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

பிறகு நிலத்தடி வழிக்குள் இறங்கினோம். வேலையாட்கள் நடமாடுவதற்காகக் கட்டிய வழிகளாம். குளிரும் அரை இருட்டுமாக, ஒவ்வொரு திருப்பமும் முன்னையதைப் போலவே இருந்தது. "நீர் அந்தப் பக்கத்தால வாரும், நான் இந்தப் பக்கத்தால வாறன்," என்று சொல்லிப் போனீர்கள். நான் சுற்றி வந்தேன். நீங்கள் வரவில்லை. கூப்பிட்டேன். நீங்கள் போன பக்கமாகத் தேடிப் போனேன்.

ஒரு மூலையில் கல்லில் கைவைத்து நின்றீர்கள். மற்றக் கையில் அடையாள அட்டை இருந்தது.

"ஐசே, கடிதம் எடுத்தனீரோ?" என்று இரகசியமாகக் கேட்டீர்கள்.

"என்ன கடிதம், அண்ணை?"

"மாவட்டத்தை விட்டு வந்திட்டமெல்லோ. பொலிஸ் பிடிச்சால் என்ன செய்யிறது?"

அகதி விண்ணப்பம் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்ட அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டுமென்ற காலத்தில், நாம் ஒரே அறையில் இருந்தவர்கள். அந்தக் காலம் போய், நாம் இருவரும் இந்நாட்டுக் குடிமக்களாகவும் ஆகிவிட்டோம். அதை விளக்க வாயெடுத்தேன். நீங்கள் அட்டையைப் பொலிசிடம் காட்டுவதுபோல் நீட்டிப் பிடிப்பதைக் கண்டதும் வேறொன்றைச் சொன்னேன்.

"எடுத்தனான், அண்ணை. ரெண்டு பேருக்கும் எடுத்தனான். என்ர பொக்கட்டில கிடக்கு."

நீங்கள் பெருமூச்சு விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வெயிலுக்கு வந்ததும் பழையபடி ஆனீர்கள். கீழே நடந்ததை விட்டுவிட்டு, திரும்பும் ரயிலின் நேரத்தைப் பற்றிக் கதைத்தோம்.

மறுநாள் மகளுக்கு எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கிலேயே சொன்னேன். நீங்கள் மேல்மாடி ஏறியதையும் சங்கக் கட்டிடப் பகிடியையும்கூட விடவில்லை. கடைசியில், "தனிய இருக்கேலாது எண்டுதான் நினைக்கிறன், பிள்ளை," என்றேன். வேறுவிதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று அதன்பிறகு எத்தனையோ தரம் யோசித்தேன். அவள் உங்களைக் கூட்டிப்போக வந்தபோது, ஹம் ரயில் நிலையத்தில் என்னிடம் பிளாஸ்கைத் தந்து, "கல்லறைக்குத் தண்ணி ஊத்தும்," என்று மட்டும் சொன்னீர்கள். போன குளிர்காலத்தில் உங்களை மனைவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். உங்களுக்குத் தெரியாமல் உங்களை உளவு பார்த்த ஒருவனாகத்தான் அங்கே நின்றேன்.

இதுவரை எழுதியபின் ஒரு சந்தேகம் வந்தது. இரண்டாவது சட்டி கருகியது ட்ரியருக்கு முன்பா, பின்பா? தவறாக எழுதிவிடக் கூடாதே என்று மகளை அழைத்தேன்.

"முன்னம்தான், மாமா. ரெண்டாவது சட்டிக்குப் பிறகுதானே அப்பா உங்களைக் கேக்கச் சொன்னவர்."

"அப்பா சொன்னவரோ?"

"ஓம். 'எனக்கு என்னவோ நடக்குது, பிள்ளை. மாமாவை என்னோட விட்டுப் பார். மனுசன் பயந்ததுதான், எண்டாலும் கண்டதைச் சொல்லும்' எண்டவர். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டும் சத்தியம் வாங்கினவர். தெரிஞ்சால் நீங்கள் அவருக்காகப் பொய் சொல்லிப்போடுவீங்களாம்."

தொலைபேசியை வைத்துவிட்டு எழுதியதை முதலிலிருந்து வாசித்தேன். மேலே இருப்பதை அழித்துத் திருத்தலாம். ஆனால் இத்தனை நாளும் நான் எப்படி எண்ணியிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறுகளில் உங்கள் பிளாஸ்கில் மல்லித்தண்ணி எடுத்துக்கொண்டு உங்கள் இருவரிடமும் வருகிறேன். போன கிழமை வழியில் நின்று, கதவைப் பூட்டினேனா என்று யோசித்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது. கல்லறைத் தோட்டத்துப் படலையடிக்கு வந்ததும் மறுபடி அதே சந்தேகம். எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், பக்கத்தில் இருந்து பார்த்து உள்ளதைச் சொல்ல யாரைக் கேட்பேன்? உங்களுக்கு நான் இருந்தேன்.

மேலே வரிசையில் இரண்டாவதாக எழுதியது பிழை, அண்ணை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.