தலைவருக்கு முகமூடி போடப் போகிறவனுக்கு

பாலக்கரை, திருச்சி
22-8-1983

அன்பு மகன் சவரிராயனுக்கு, அம்மா சகாயம்மாள் உன் நெற்றியில் சிலுவை போட்டு எழுதிக்கொள்வது. எழுதுகிற கை உன் தங்கை டோரதியுடையது, சொல்லுகிற வாய் என்னுடையது. மாதா தயவில் இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் இருமல் மட்டும் விட்டபாடில்லை, மெட்ராஸில் நீ சுகமாக இருப்பதாக ஒரு வரி வந்தால் அதுவும் குறையும். ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று அப்பா சொல்கிறார், இங்கே நடப்பது காதில் விழுந்து மனசு விட்டுப்போயிருப்பாய் என்று நான் சொல்கிறேன்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள் நன்றாக நடந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி கட்டிக்கொண்டு நம் தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள், டோரதி வாசலில் நின்று மோர் கொடுக்கிறாள், கொடுத்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவர்கள் நல்லா இரும்மா என்று சொன்னால்கூட இவளுக்குப் பதில் வராது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்கே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவள், எனக்கு ஆபரேஷன் என்றதும் அதையே சாக்காக வைத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவள்தானே. இதையெல்லாம் எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைக்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன், இவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நடிகர் சந்திரவேலின் அடுத்த படத்தில் அவர் முகமூடி போட்டு, முதுகில் சிவப்புத் துணி கட்டி, ஆகாயத்தில் பறந்து ஏழைகளைக் காப்பாற்றுகிறார், இயக்கம் சவரிராயன் என்று பேப்பரில் வந்ததல்லவா, அப்பா அதைப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காட்டிக் காட்டியே மடிப்பெல்லாம் கிழிந்துபோயிற்று. நம் தெருவில் வெடி போடுவார்கள் என்று நினைத்தேன். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த அடைக்கலராஜ்தான் இப்போது சந்திரவேல் ரசிகர் மன்றச் செயலாளர், அவன் சைக்கிள் கடையில்தான் மன்றத்துப் போர்டு தொங்குகிறது. பேப்பர் வந்த அன்றே அங்கே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. "நம்ம சவரியா? அவனுக்கு டபுள்ஸ் வச்சு சைக்கிள் மிதிக்கத் தெரியாது, அவன் தலைவரைப் பறக்க விடப் போறானா" என்று அடைக்கலராஜ் கேட்கிறான். இன்னொருவன் உன் முதல் படத்தைச் சொல்லி, "அதுல ஹீரோ இன்டர்வல் வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான், இன்டர்வலுக்கு அப்புறம் எந்திரிச்சு ஜன்னலைச் சாத்துறான், அவ்வளவுதான் கதை" என்கிறான். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

எல்லாரும் உனக்கு விரோதம் என்று நினைக்காதே. தியேட்டருக்கு பேனர் எழுதுகிற கியாசுதீன் முதலில் உன் பக்கம்தான் பேசினான். குடும்பப் படம் எடுக்கிற அந்தப் பெரிய டைரக்டரிடம் கொடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, "அவர் எடுத்தா தலைவர் ஆகாசத்துல பறந்து போயி நேரா தங்கச்சி கல்யாணப் பந்தல்லதான் எறங்குவாரு, புதுப் பையனே எடுக்கட்டும்யா" என்றான். மறுநாள் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நாப்பதடி கட்-அவுட்டுல முகமூடியை வரைஞ்சு வச்சுட்டு, இது யாருன்னு நான் கீழ நின்னு கத்திச் சொல்லணுமா?" என்று கேட்டான். அங்கேதான் விஷயம் திரும்பியது. அதற்கு முன்னால் சைக்கிளையும் ஜன்னலையும் பேசினவர்கள் அப்புறம் முகமூடியை மட்டும்தான் பேசினார்கள். தொட்டியத்துக்காரன் பிச்சை, மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவன், அவன் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நாள் பூரா தார் சுமக்கிறேன். டிக்கெட் எடுத்து உள்ள போறதே அந்த முகத்தைப் பாக்கத்தான். அதையும் துணியால மூடிட்டா நான் எதைப் பாக்குறது?" அதற்கு என்ன சொல்வாய்? எனக்குக் கோபம் வரவில்லை, நீயும் கோபப்படாதே.

போன சனிக்கிழமை அவர்கள் தீர்மானம் போட்டார்கள். பையனுடைய சொந்த ஊர் மன்றமே வேண்டாம் என்றால் நான் மாற்றிவிடுகிறேன் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாராம், அதனால் திருச்சி என்ன சொல்லப்போகிறது என்று எல்லா மாவட்டமும் காத்திருக்கிறதாம். இயக்குநரை மாற்றுக என்று தந்தி எழுதி வைத்துவிட்டு, அடைக்கலராஜ் நம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றான். "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க, சவரி என் கூட்டாளிதான், ஆனா தலைவர் விஷயம் வேற" என்றான். நான் காபி கொண்டு வந்து நீட்டினேன். வாங்கவில்லை. "இதைக் குடிச்சிட்டா என்னால தந்தி குடுக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். ஏழு வருஷம் யார் யாருக்கோ நாற்காலி தூக்கிப் போட்டு, இப்போதுதான் உனக்கு என்று ஒரு பெரிய படம் வந்தது, அது நம் தெருவாலேயே போகப்போகிறது என்று எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை.

அன்று சாயந்தரம் டோரதி இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். குழாய் சைக்கிள் கடைக்கு எதிரில்தானே, மன்றத்து ஆட்கள் தெருவை அடைத்து நிற்கிறார்கள், பிச்சை மறுபடியும் முகம் முகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் நம் வாசலில் நின்று பார்க்கிறேன், இவள் இடுப்பில் குடத்தோடு அவர்களைப் பார்த்து என்னவோ சொல்கிறாள். யார் காதிலும் விழவில்லை. கியாசுதீன்தான், "ஏ, சும்மா இருங்கப்பா, தங்கச்சி என்னமோ சொல்லுது" என்று அதட்டினான். அப்புறம் இவள் சொன்னது எனக்கும் கேட்டது. "தியேட்டர்ல பொம்பளைங்க பக்கம் தூணு மறைக்குது. பெஞ்சு டிக்கெட்டுல நாங்க பாதிப் படம் தூணைத்தான் பாக்குறோம். முகம் தெரியாது. தலைவர் நடந்து வர்ற காலைப் பாத்தே, கையை உதர்றதைப் பாத்தே நாங்க கைதட்டுறோம். நீங்க நடுவுல உக்காந்து இத்தனை வருஷம் பாத்துட்டு, ஒரு துணியைக் கட்டுனதும் யாருன்னு தெரியாதுன்னா நீங்க என்ன ரசிகருங்க?" இவ்வளவும் ஒரே மூச்சில். சொல்லிவிட்டு ஒரு குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். ராத்திரி சோறும் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போதுகூட எழுத எழுத காது சிவக்கிறது.

 இவள் ஓடி வந்ததும் கியாசுதீன் சிரித்தான் பார், கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். "அடைக்கலம், மன்றத்தைப் பூட்டு, நாளையிலேர்ந்து தூணுக்குப் பின்னால போயி உக்காரு" என்றான். விட்டுவந்த குடத்தை நிரப்பித் தோளில் வைத்துப் பிச்சைதான் கொண்டு வந்து கொடுத்தான். "நடையைப் பாத்தா எனக்குந் தெரியும்மா, தெரியாதுன்னு யாரு சொன்னா" என்று என்னிடம் முறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நேற்றுப் பூசை முடிந்து அடைக்கலராஜ் வந்தான். தந்தி கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறான். "செப்டம்பர் நாலாந்தேதி ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுறோம், சவரி வந்து நேர்ல சொல்லட்டும், எப்படி எடுக்கப் போறான்னு. லெட்டர் எல்லாம் வேணாம். வரலைன்னா திங்கக்கிழமை தந்தி போயிரும்மா" என்றான். காபி கொடுத்தேன், பாதி குடித்தான்.

அதனால் நீ வா, ராசா. டைரக்டர் எதற்கு ரசிகனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அப்பா கேட்கிறார். நாளைக்கு வெயிலில் வரிசையில் நிற்கப்போகிறவன் அவன்தானே, கேட்டால் என்ன குறைந்துவிட்டது. அவர்கள் கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டாதே, உன்னால் ஆகாததை ஒப்புக்கொள்ளாதே. முகமூடி வேண்டுமென்றால் ஏன் வேண்டும் என்று சொல். எனக்கே அது புரியவில்லை, நல்லது செய்கிறவன் எதற்கு முகத்தை மறைக்க வேண்டும்? கொடுக்கிறவன் யார் என்று வாங்குகிறவனுக்குத் தெரியக்கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வாரே, அதுவா? அதுதான் என்றால் அப்படியே சொல், பிச்சைக்குப் புரியும். பறக்கிறதற்கு ஆளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவீர்களாமே, நல்ல கயிறாகப் பார்த்துக் கட்டச் சொல், தலைவருக்குப் பதிலாகத் தொங்குகிறவனும் யாரோ பெற்ற பிள்ளைதான். நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் டீயில் காலம் தள்ளாதே. பவுனம்மாள் சித்தி பூவன் தார் ஒன்று அனுப்பியிருக்கிறாள், நீ வரும்போது பழுத்திருக்கும்.

மாதா உன் பேச்சிலும் உன் வேலையிலும் கூட நிற்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் உண்டு. செப்டம்பர் நாலு, ஞாயிற்றுக்கிழமை, மறக்காதே. சனிக்கிழமை ராத்திரியே ரயில் ஏறிவிடு.

உன்னைப் பெற்ற அம்மா,
சகாயம்மாள்

அண்ணே, அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறார்கள், இது நானாக எழுதுவது. இன்று காலை குழாயடியில் கியாசுதீன் அண்ணன், "தங்கச்சி, ஞாயித்துக்கிழமையும் நீயே பேசிடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பிச்சை சிரிக்கவில்லை, கிட்டே வந்து ஒன்று கேட்டார். "நடையைப் பாத்துக் கண்டுபிடிப்போம், சரி. பறக்கும்போது எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை அண்ணே. அதை நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

டோரதி