வலது கால் மட்டும்

ஆம்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள பக்ருன்னிசாவுக்கு,

மெர்சி எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரில் உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். போனில் உன் அப்பா பேச்சு வந்ததுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே, அதனால்தான் பேனா எடுத்தேன்.

முதலில் நல்ல சேதி. நம் ஷூ ஃபேக்டரி பெண்கள் டீம் ஃபைனலுக்குப் போய்விட்டது! இந்த வருஷம் ராணிப்பேட்டை, வாணியம்பாடி, வேலூர் என்று எட்டு டீம். எல்லாம் நீ ஆரம்பித்தது. அன்றைக்கு ஃபுட்பால் ஆட ஆள் கேட்டபோது சூப்பர்வைசர் சுந்தரமூர்த்தி, "பதினோரு பேரை அனுப்பிட்டு லைன்ல நானா உக்காந்து தைக்கிறது?" என்று கத்தினார். நீ அசரவில்லையே. "அப்ப அஞ்சு பேர் குடுங்க சார், அஞ்சு பேர் ஆடுற ஆட்டமும் இருக்குது" என்றாய். லாரி நிற்கிற இடத்தில் கயிறு கட்டி ஆடினோம். இன்று செயற்கைப் புல் போட்ட டர்ஃபில், ரெஃப்ரி, கோப்பை எல்லாம் வைத்து ஆடுகிறோம். உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நடுவில் ஒரு சிக்கல். கோல்கீப்பர் மோகனா கல்யாணமாகிப் போய்விட்டாள். பேரை வாபஸ் வாங்க இருந்தோம். உன் தங்கை மஹீன் இப்போது நம் லைனில்தான் தைக்கிறாள். "நான் நிக்கிறேன்க்கா" என்றாள். எனக்குத் திக்கென்றது. உன் முட்டி போனதிலிருந்து உங்கள் வீட்டில் பந்து என்ற பேச்சே கூடாதே. "பந்து ஆடித்தான் கால் போச்சு, இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று உன் அப்பா சொன்னதும், நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் நான் பார்த்ததுதானே. இரண்டு ரம்ஜான் போய்விட்டது, நீ வாசல் மிதிக்கவில்லை.

ஆனாலும் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் பாட்டுக்குத் தோலை வெட்டிக்கொண்டே இருந்தார். பாய் பேஜாராகிவிட்டார் என்று திரும்பி வந்துவிட்டேன். மஹீனோ நின்றே தீருவேன் என்றாள்.

இன்று காலை செமிஃபைனல். மனுஷன் டர்ஃப் வாசலில் கையில் பையோடு நிற்கிறார்! மஹீனுக்காக, அவர் வேலை செய்கிற சாம்பிள் ரூமில் தானே செய்த ஷூவாம், கணுக்காலைச் சுற்றி ஃபோம் வைத்து. அவள் பையைத் திறந்தாள். ஒரே ஒரு ஷூ, வலது கால். "இன்னொண்ணு எங்கே?" என்றால் தலையில் அடித்துக்கொண்டார். வெளிநாட்டுப் பார்ட்டிக்குக் காட்டுகிற சாம்பிள்களை வலது காலுக்கு மட்டுமே செய்து செய்து, சொந்த மகளுக்கும் கை அப்படியே போயிருக்கிறது. அடக்க முடியாமல் சிரித்தோம். அவரும் சிரித்தார் பக்ரு. அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மஹீன் ஒரு காலில் புது ஷூவும் மறு காலில் பழைய கேன்வாஸுமாக நின்றாள். கடைசிப் பந்தைக் காலை நீட்டித் தடுத்தாள் பார், வெளியே சுற்று வலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விட ஜாஸ்தி கத்தியவர் உன் அப்பாதான்.

ஆட்டம் முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மஹீனைப் பற்றித்தான் என்று நினைத்தேன். "பெரியவ இப்ப நொண்டாம நடக்கிறாளாம்மா? மாடிப்படி ஏறுறாளா?" என்று கேட்டார். நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள் பாய் என்றேன். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்குறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஃபைனல் வரும் ஞாயிறு வேலூரில், உன் அப்பாவும் வருகிறார். நீ ஆட வேண்டாம், யாரிடமும் பேசக்கூட வேண்டாம். அவர் கண்ணெதிரே கேட்டிலிருந்து கோல்போஸ்ட் வரைக்கும் ஒரு தடவை நடந்து போ, அது போதும்.

ஆண்டவர் உன் காலுக்குப் பலம் தரட்டும்.

உன் பிரியமான
மெர்சி