நீலமான பால்

ஜூன் 11, 2024
பால்காரி சாந்தாமணியைப் பற்றி நான் வதந்தி பரப்புவதாகப் பக்கத்து வீட்டுக் கீதா சொல்லித் திரிகிறாள். தவறு. சாந்தாமணி பாலில் மாவு கலப்பதாக எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. மற்றவர்கள் நம்பினார்கள். நான் சோதித்தேன். காய்ச்சி ஆறிய பாலில் இரண்டு சொட்டு டிங்சர் அயோடின். மாவு இருந்தால் நீலமாகும். கான்வென்ட்டில் படித்தது. நீலமானது. படமெடுத்துப் போட்டேன்.

ஜூன் 12
முப்பத்தெட்டுப் பேர் கைதட்டியிருக்கிறார்கள். குழுவை நடத்தும் லட்சுமிநாராயணன், "மேடம் சொன்னா அப்பீல் இல்லீங்க" என்று எழுதினார். கணவர் போனபின் விசேஷ வீடுகளில் ஓரமாக நிற்கப் பழகியவள் நான். இங்கே முன்னால் நிற்கிறேன். பொய் எதற்கு, பிடித்திருக்கிறது.

"இன்னொருக்கா டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று கீதா எழுதினாள். பத்து நிமிடத்தில் அவளை நீக்கிவிட்டார்கள். நான் கைதட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14
பத்தொன்பது வீடுகள் நிறுத்திவிட்டன. சாந்தாமணி கேட்டுக்கு வெளியே நின்றே பேசினாள். "ஏனுங்கம்மா, இருவது வருசமா எம்பட பாலைத்தானுங்க குடிச்சீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்கல்ல?"

"கேட்டா ஒத்துக்குவியா?" என்றேன்.

"நல்லா இருங்க" என்று மொபெட்டைக் கிளப்பினாள். கிளம்பும்போது வழக்கமாகச் சொல்லும் "வாரனுங்க" வரவில்லை.

ஜூன் 19
பாக்கெட் பாலிலும் ஏதோ சந்தேகம். அயோடின் விட்டேன். நீலம்.

சேலைக்குக் கஞ்சி போடும் அதே அலுமினியச் சட்டி. விளிம்பில் காய்ந்த கஞ்சி. அன்றைக்கும் இதில்தானே — அவள் பாலையா சோதித்தேன்? என் சட்டியை அல்லவா சோதித்திருக்கிறேன். என்ன செஞ்சுபோட்டேன்.

கீதாவிடம் போய்ச் சாந்தாமணி பால் ஒரு டம்ளர் கேட்டேன். அவள் இன்னும் வாங்குகிறாள். அவள் வீட்டுக் கண்ணாடி டம்ளரிலேயே பார்த்தோம். நீலம் வரவில்லை. கீதா ஒரு சொல்கூடக் குத்திப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஜூன் 20
எல்லாவற்றையும் குழுவில் எழுதினேன், சட்டியின் படத்தோடு.

"யாரு மிரட்டினாங்கன்னு சொல்லுங்க மேடம். நாங்க இருக்கறமுங்க" — லட்சுமிநாராயணன்.

"கீதா வேலைதானுங்க இது."

"வயசாயிருச்சு, பாவம்." சோதனை செய்த அன்று எனக்கு என்ன வயதாம்?

யாரும் மிரட்டவில்லை என்று மறுபடி எழுதினேன். மாலையில் என்னையும் நீக்கிவிட்டார்கள்.

ஜூன் 24
சாந்தாமணி ஒரு எருமையை விற்றுவிட்டாள்.

ஜூன் 25
பஸ் பிடித்து வடவள்ளிக்குப் போய், அவள் வாசலில் நின்று தவறு என்னுடையது என்றேன். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? ஒவ்வொரு ஊட்டுலயும் நம்போணுமில்லீங்க" என்றாள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 27
பத்தொன்பது வீடுகளுக்கும் கையால் எழுதி, நானே கதவைத் தட்டிக் கொடுத்தேன். நகல் இது:

"அன்று நீலமானது என் சட்டியில் ஒட்டியிருந்த கஞ்சி. சாந்தாமணியின் பாலில் குறையில்லை. நம்பாவிட்டால் உங்கள் பாத்திரத்தில் நீங்களே சோதியுங்கள். குழுவில் கேட்க வேண்டாம். அவளிடம் மறுபடி பால் வாங்குவீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் பெயர் போட்டு, எழுத்தில் பதில் தாருங்கள்."